காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த இலக்கணம்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் போகும் நெடுஞ்சாலையில், வேப்பனப்பள்ளிக்குச் சாலை பிரிகிற இடம் குந்தாரப்பள்ளி கூட்டுரோடு. வெள்ளிக்கிழமைதோறும் இங்கே ஆட்டுச் சந்தை கூடும். கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வியாபாரிகள் வருவார்கள். ஒரே ஆட்டுக்கு மூன்று மொழியில் விலை பேசுவது இந்தப் பக்கத்தில் யாருக்கும் அதிசயமில்லை. ஊர்ப்பெயர்களே இரு மொழிக்கு நடுவில் நிற்கின்றன. தமிழில் பள்ளி என்று நின்ற சொல்லைக் கன்னடம் தன் பகர ஹகர மாற்றத்தால் ஹள்ளி ஆக்கியது. அது திரும்பவும் தமிழ் வாயில் அள்ளி ஆனது. அதனால்தான் ஒரே ஊரை ஒருவர் வேப்பனப்பள்ளி என்கிறார், இன்னொருவர் வேப்பனஅள்ளி என்கிறார். குந்தாரப்பள்ளி மட்டும் பகரத்தை விடவில்லை.

சொல்லின் வரலாற்றைத் தேடுகிறவருக்கு இப்படிப்பட்ட இடம் ஒரு வசதி. அண்டை மொழிகள் ஒரே கருத்துக்கு எந்தெந்த வழியில் பெயர் வைத்தன என்பதை அருகருகே வைத்துப் பார்க்கலாம். நமக்கு வேண்டிய கருத்து இது: இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. அதை என்னவென்று சொல்வது?

யாரும் திட்டமிடாமல் இரண்டும் சேர்ந்து நடந்துவிட்டால், பெங்களூரிலிருந்து வரும் கன்னடப் பத்திரிகை அதைக் ‘காகதாளீய’ என்று எழுதும். தெலுங்குப் பத்திரிகையும் ‘காகதாளீயம்’ என்றுதான் எழுதும். இரண்டு மொழியிலும் இது பண்டிதச் சொல் இல்லை. அன்றாடச் செய்தியில் வருவது. தமிழ்ப் பத்திரிகை ‘தற்செயல்’ என்று எழுதும். பேச்சில் ‘எதேச்சையா’ என்போம். மலையாளத்தில் ‘யாத்ருச்சிகம்’. தமிழின் ‘எதேச்சை’ கொஞ்சம் வேடிக்கையான சொல். ‘யதேச்சை’ என்ற வடசொல்லுக்கு ‘விருப்பப்படி’ என்று பொருள். விருப்பப்படி நடந்தது எப்படி விருப்பமே இல்லாமல் நடந்ததாக மாறியது? தற்செயலைக் குறிக்கும் ‘யத்ருச்சை’ என்ற இன்னொரு வடசொல் ஒலியில் இதற்கு மிக அருகில் இருக்கிறது. இரண்டும் நாட்டுப்புற வாயில் கலந்துபோயிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

காகதாளீயம் என்றால் காகமும் தாலமும், அதாவது காக்கையும் பனையும். நம்முடைய ‘காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தாற்போல’ என்பதன் வடமொழி உறவு. எது எதிலிருந்து வந்தது என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. பனையும் காக்கையும் எல்லார்க்கும் பொது. ஆனால் இரண்டு கதையும் ஒன்றல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பாணினியின் இலக்கணத்தில், ஐந்தாம் அத்தியாயத்தில், இப்படிப்பட்ட உவமைச் சொற்கள் எப்படி உருவாகின்றன என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காசிகா உரை அந்த விதிக்குக் காட்டும் உதாரணம்தான் காகதாலீயம். அங்கே சொல்லப்படும் கதையில் காக்கை எதேச்சையாகப் பனையடிக்கு வருகிறது. எதேச்சையாகப் பழம் விழுகிறது. விழுந்த பழம் காக்கையைக் கொன்றுவிடுகிறது. அதுபோல தேவதத்தன் ஒரு வழியே வந்தான், திருடர்களும் அங்கே வந்தார்கள், அவன் உயிர் போயிற்று. ஒரே சொல்லுக்குள் இரண்டு உவமை இருக்கிறது. வரவும் விழுகையும் சந்தித்தது ஒன்று. சந்திப்பால் வந்த சாவு இன்னொன்று.

இதே விதிக்கு இன்னொரு உதாரணமும் உண்டு: அஜாக்ருபாணீயம். அஜா என்றால் ஆடு, கிருபாணம் என்றால் வாள். காலால் மண்ணைக் கிளறிய ஆடு, புதைந்திருந்த கத்தியைத் தானே வெளியே கொண்டுவந்தது; அந்தக் கத்தியே அதன் கழுத்துக்கு வந்தது என்பது ஒரு விளக்கம். பாரதத்தின் சபா பருவத்தில் சூதாட்ட வேளையில் விதுரன் இந்த ஆட்டை நினைவூட்டுகிறான். கிரேக்கர்களிடமும் ஆடு கத்தியைக் கிளறிய பழமொழி இருந்தது. குந்தாரப்பள்ளிக்கு ஏற்றது காக்கையைவிட இந்த ஆடுதான். ஆனால் மக்கள் வாயில் நிலைத்தது என்னவோ காக்கை.

வடமொழிக் கதையில் காக்கை செத்துப்போகிறது. தமிழ்ப் பழமொழியில் காக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது உட்கார்ந்தது, பழம் விழுந்தது, அவ்வளவுதான். பழத்துக்குப் பொறுப்பு காக்கையா என்பதுதான் இங்கே கேள்வி. வடமொழிக் காக்கை பலியானது. தமிழ்க் காக்கையின் மேல் சந்தேகம் விழுகிறது. அது வந்ததால்தான் விழுந்தது என்று சொல்ல ஆள் இருக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சிரிக்கவும் ஆள் இருக்கிறது. ஒரு தலைவர் பதவியேற்ற வாரம் மழை கொட்டினால் இரண்டு கட்சியும் இந்தப் பழமொழியைத்தான் கையில் எடுக்கும்.

இந்தச் சந்தேகம் கதையில் இல்லை, இலக்கணத்தில் இருக்கிறது. ‘உட்கார’ என்ற அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

‘உட்கார’ என்பது செயவென் வாய்பாட்டு வினையெச்சம். தமிழ் இலக்கண உரைகள் இந்த எச்சத்துக்கு மூன்று உதாரணம் காட்டுவது வழக்கம். ‘மழை பெய்ய நெல் விளைந்தது’ என்பதில் மழை காரணம், விளைச்சல் காரியம். ‘நெல் விளைய மழை பெய்தது’ என்று திருப்பிச் சொன்னால் விளைச்சல் மழையின் பயனாக முன்னே வந்து நிற்கிறது. மூன்றாவது, ‘ஞாயிறு பட வந்தான்’. சூரியன் மறைந்ததால் அவன் வரவில்லை; அவன் வருவதற்காகச் சூரியன் மறையவும் இல்லை. இரண்டும் ஒரே வேளையில் நடந்தன. இதற்கு உரைகாரர்கள் இட்ட பெயர் உடனிகழ்ச்சிப் பொருள்.

மூன்றிலும் உருவம் ஒன்றே. பெய்ய, விளைய, பட. காரணமா, பயனா, வெறும் கூடநிகழ்வா என்பதை விகுதி சொல்லாது. கேட்பவர் உலக அறிவைக் கொண்டு தீர்த்துக்கொள்ள வேண்டும். மழைக்கும் நெல்லுக்கும் உறவு உண்டென்று நமக்குத் தெரியும். சூரியனுக்கும் வந்தவனுக்கும் இல்லையென்றும் தெரியும். காக்கைக்கும் பனம்பழத்துக்கும்? பழம் கனிந்து காம்பு தளர்ந்திருந்தால் காக்கையின் எடை போதுமானதாக இருக்கலாம். இல்லாமலும் போகலாம். ஐயத்துக்கு இடமுள்ள ஒரு சோடியைத் தேர்ந்தெடுத்து, ஐயத்தைத் தீர்க்காத ஒரு விகுதியில் அதைக் கட்டியிருக்கிறார்கள். பழமொழியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

எல்லை தாண்டிக் கன்னடத்தில் கேட்டால் இது இன்னும் தெளிவாகும். அங்கே பேச்சில் வழங்கும் பழமொழி ‘காகெ கூரோதக்கூ கொம்பெ முரியோதக்கூ சரிஹோய்த்து’. காக்கை உட்கார்வதற்கும் கொம்பு முறிவதற்கும் சரியாகப் போயிற்று என்று பொருள். பனம்பழம் மரக்கொம்பாகிவிட்டது என்பது சின்ன விஷயம். வாக்கிய அமைப்பு அடியோடு வேறு. ‘இதற்கும் அதற்கும் சரி’ என்று இரண்டு நிகழ்ச்சியும் ஒரே தட்டில் சமமாக நிற்கின்றன. தமிழில் ஒரு நிகழ்ச்சி எச்சமாகச் சுருங்கி மற்றதற்குள் நுழைந்துகொள்கிறது. கன்னடக்காரர் இரண்டும் பொருந்தியது என்று பார்க்கிறார். தமிழர் ஒன்று இன்னொன்றை இழுத்து வந்ததோ என்ற நப்பாசைக்கு இடம் வைத்துச் சொல்கிறார்.

இனி ‘உடனிகழ்ச்சி’ என்ற பெயருக்கு வருவோம். நிகழ்ச்சி எளிது. ‘உடன்’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) தமிழ் உடனையும் கன்னட ஒடனெயையும் ஒரே குடும்பத்தில் வைக்கிறது. தமிழில் உகரம் நிற்கும் இடத்தில், அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால், கன்னடத்தில் ஒகரம் நிற்பது வழக்கமான மாற்றம். உடல் அங்கே ஒடல். குடை அங்கே கொடெ. உடனும் அப்படியே ஒடனாயிற்று. கூட்டாளிக்குக் கன்னடத்தில் ‘ஒடனாடி’ என்று அழகான ஒரு சொல் இருக்கிறது: உடன் ஆடுபவர், கூடத் திரிபவர். பழந்தமிழில் ‘உடங்கு’ என்ற வடிவமும் உண்டு. ஒருசேர, பக்கத்தில் என்று பொருள். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், வேரில் இருப்பது காலம் இல்லை, துணை. யார் யாருடன் என்பதுதான் கேள்வி; எப்போது என்பது அதிலிருந்து பிறகு கிளைத்தது.

துணை என்று வந்துவிட்டால் யார் முதல், யார் பின் என்ற கேள்வியும் வந்துவிடும். மூன்றாம் வேற்றுமைக்கு ஒடு, ஓடு உருபுகளின் பொருளாக நன்னூல் உடனிகழ்வைச் சொல்கிறது. அதற்கு முன்பே தொல்காப்பியம் இரண்டு பேரும் ஒரே வினை செய்வதையும், சேர்ந்திருந்தும் வேறு வினை செய்வதையும் பிரித்துக் காட்டிவிட்டது. சாத்தனோடு கொற்றன் வந்தான் என்றால் இருவரும் நடந்தார்கள். மலையோடு யானை மோதியது என்றால் மோதியது யானை மட்டும்தான். மலை சும்மா நின்றது. பிறகு தொல்காப்பியம் ஒரு விதி சொல்கிறது: ஒடு என்பது உயர்ந்தவர் பெயரின்மேல் வரும். ‘ஆசிரியனொடு மாணாக்கர் வந்தார்’ என்பதே முறை. மாணாக்கரொடு ஆசிரியர் வந்தார் என்று பழைய இலக்கணக்காரர் எழுதமாட்டார். அப்படியானால் ‘நாயொடு நம்பி வந்தான்’ என்று மக்கள் சொல்கிறார்களே, நம்பியைவிட நாய் உயர்ந்ததா? இந்தக் கேள்வியையும் உரைகாரர்கள் விடவில்லை. ஏதோ ஒரு வகையில் அங்கே நாய்க்கும் உயர்வு உண்டு என்று சமாளித்தார்கள். வேட்டைக்குப் போகும் வழியென்றால் சமாளிப்பு சரிதான்.

பாணினி இதற்கு நேர் எதிர். சஹ என்ற சொல்லோடு வரும் மூன்றாம் வேற்றுமை, தலைமை இல்லாதவர்மேல் விழும் என்பது அவர் விதி. மகனோடு தந்தை வந்தார்: உருபு மகன்மேல், தலைமை தந்தைக்கு. தமிழில் தலைவர்மேல் உருபு. வடமொழியில் துணைவர்மேல் உருபு. இரண்டு மரபும் ஒரு விஷயத்தில் மட்டும் உடன்பட்டன: உடன் நிகழ்ந்தாலும் இரண்டும் சமமில்லை.

தமிழில் உடனைக் கொண்டு கட்டிய பழைய சொற்கள் பலவற்றில் இந்தச் சமமின்மை பதுங்கியிருக்கிறது. உடன்போக்கு என்றால் தலைவனோடு தலைவி போவது. தலைவியோடு தலைவன் போனான் என்று அகமரபு சொல்லாது. உடன்கட்டை என்றால் இறந்தவனோடு அவள் ஏறுவது. கிருஷ்ணகிரிப் பக்கத்து நினைவுக்கற்கள் சிலவற்றில் வீரனின் பக்கத்தில் ஒரு பெண் உருவமும் செதுக்கப்பட்டிருக்கும். அது அந்த உடனின் கல்வடிவம். உடன்பிறப்பும் உடன்படிக்கையும் ஓரளவு சமத்துவம் உள்ளவை. உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட பலர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

நன்னூலைப் பற்றி இந்த இடத்தில் ஒரு தகவல். பவணந்தி முனிவரை இந்நூலை எழுதச் சொன்னவன் சீயகங்கன். கங்கர் குலத்துச் சிற்றரசன். கோலாரின் பழைய பெயரான குவளாலபுரத்தைத் தன் பட்டப்பெயரில் வைத்திருந்தவன். குந்தாரப்பள்ளியிலிருந்து வேப்பனப்பள்ளி வழியாக வடக்கே போனால், எல்லைக்கு அப்பால் கோலார் மாவட்டம்தான். நமது பள்ளிக்கூடங்கள் இன்றும் சொல்லித்தரும் ‘உடனிகழ்வு’, கன்னட நாட்டு ஊர் ஒன்றைப் பட்டத்தில் சுமந்த அரசனின் ஆதரவில் எழுதிய நூலில் இருக்கிறது. எல்லைக்கோடு அன்று இப்படி இல்லை.

‘உடனே’ என்பதில் நடந்த பொருள்மாற்றமும் சுவையானது. ‘அவர் வந்தவுடன் இவர் போனார்’ என்றால் வரவும் போக்கும் ஒரே நொடியில் நடக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடந்தன. இடைவெளி சிறிது என்பதால் சேர்ந்து நடந்ததாகவே மொழி கணக்கு வைத்துவிட்டது. கூட என்ற பொருள் அடுத்து என்ற பொருளாக நழுவிற்று. கன்னட ‘ஒடனெ’யும் அப்படியே நழுவியிருக்கிறது. அரசாங்கக் கடிதத்தில் ‘உடனடி நடவடிக்கை’ என்று வரும்போது அந்த நழுவல் எவ்வளவு தூரம் போகும் என்பதை மனு கொடுத்தவர்கள் அறிவார்கள்.

பேச்சில் உடனைவிட அதிகம் புழங்குவன வேறு. தருமபுரி, சேலம், கொங்குப் பகுதியில் ‘ஒட்டுக்கா’ என்பார்கள்: மொத்தமாக, ஒரே தடவையில். கன்னடத்தில் ‘ஒட்டிகெ’; அதே பொருள். ஒட்டுதல் என்ற வினை இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. இன்னொன்று ‘ஒண்ணா’, ஏட்டுத் தமிழில் ஒருங்கே, ஒருசேர. இவை எண்ணிலிருந்து பிறந்தவை. இலத்தீனின் ‘சிமுல்’ என்ற சொல்லும் இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் ஒன்று என்னும் எண்ணைக் குறித்த வேரிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் ஒரேநேர நிகழ்வைக் குறிக்கும் ‘சைமல்டேனியஸ்’ அதன் வழித்தோன்றல். வடமொழி ‘சம’வும் அந்த வேரின் கிளைதான். வடமொழித் தருக்கநூல்கள் விரும்பிய சொல் ‘யுகபத்’. யுகம் என்றால் நுகத்தடி. ஒரே நுகத்தில் இரண்டு மாடு. நியாய சூத்திரம் இந்தச் சொல்லை வைத்து ஒரு வாதமே செய்கிறது: கண்ணும் காதும் ஒரே சமயத்தில் திறந்திருந்தும் இரண்டு அறிவு ஒரே நொடியில் பிறப்பதில்லை, ஆகவே நடுவில் மனம் என்று ஒன்று இருந்து ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டும். உள்ளே உடனிகழ்ச்சி கிடையாது என்பதிலிருந்தே மனம் உண்டு என்று நிறுவினார்கள்.

துணை, எண், நுகம், ஒட்டு. இவற்றில் எதிலும் காலம் இல்லை. காலத்தைச் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கும் ‘ஏககாலத்தில்’ வடமொழி வழியாக வந்தது. ‘சமகாலம்’ இன்றைய தமிழில் வேறு வேலைக்குப் போய்விட்டது. இப்போது அது ஒரு நொடியைக் குறிப்பதில்லை, ஒரு தலைமுறையையே குறிக்கிறது. ‘ஒரே நேரத்தில்’ என்று நேரத்தை முன்னே நிறுத்திப் பேசுவது கடிகாரம் வந்த பிறகு வலுப்பெற்ற பழக்கம் என்றே நினைக்கிறேன்.

கடிகாரத்துக்கு முந்திய வழி எப்படி இருந்தது என்பதற்கு இந்த வட்டாரத்தின் நடுகற்களே சாட்சி. செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் கால்நடை கவர்ந்த பூசலிலும் மீட்ட பூசலிலும் இறந்தவர்களுக்கு வட்டெழுத்துப் பொறித்த கற்கள் நிறைய உண்டு. செங்கம் நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் நூலாகவே வெளியிட்டது. இந்தக் கற்கள் பலவற்றில் அரசனின் ஆட்சியாண்டு ஒரு பெரிய வரம்பாக நிற்கும். அதற்குள் நேரத்தைச் சுட்டுவது ‘தொறுக் கொண்ட ஞான்று’ என்பது போன்ற தொடர். தொறு என்றால் ஆநிரை. ஞான்று என்றால் அப்பொழுது, அந்நாளில். மந்தையைக் கவர்ந்த அப்பொழுது இவன் பட்டான். நாழிகை இல்லை, திதி இல்லை. ஒரு நிகழ்ச்சியின் நேரத்தை இன்னொரு நிகழ்ச்சியே சொல்கிறது. ஞாயிறு பட வந்தவனுக்கும் அதே கணக்கு.

எண்களைக் கொண்டு நேரம் சொல்லத் தொடங்கியதும் ‘ஒரே நேரம்’ எங்கே இருக்கிறது என்ற சிக்கல் வந்துவிட்டது. ஒவ்வோர் ஊருக்கும் நண்பகல் வேறு. தீர்க்கரேகை ஒரு பாகை மேற்கே போனால் சூரியன் 4 நிமிடம் பிந்தும். சென்னைக்கும் குந்தாரப்பள்ளிக்கும் இரண்டு பாகைக்குச் சற்று அதிகம். ஆகவே சென்னையில் உச்சிப்பொழுது ஆகும்போது இங்கே இன்னும் 8, 9 நிமிடம் பாக்கி. இந்தியாவின் ரயில்கள் பல காலம் மதராஸ் நேரத்தில் ஓடின. மதராஸ் வானாய்வுக்கூடத்தின் தீர்க்கரேகையிலிருந்து கணக்கிட்ட அந்த நேரம் கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னே இருந்தது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் நடப்புக்கு வந்தது; அதற்கு அடிப்படை 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகை. அந்தக் கணக்கில் குந்தாரப்பள்ளியில் சூரியன் சராசரியாகக் கடிகாரத்துக்கு 17, 18 நிமிடம் பின்தங்கியே உச்சிக்கு வருகிறான். கல்கத்தா தன் சொந்த நேரத்தை 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் விடவில்லை. ‘ஒரே நேரம்’ என்பது உத்தரவு போட்டு உண்டாக்கியது. உத்தரவுக்கும் எல்லாரும் ஒட்டுக்காக உடன்படவில்லை.

அந்த உத்தரவுக்கு முந்திய ஆண்டில், 1905இல், ஐன்ஸ்டைன் தம் சார்புக் கட்டுரையை உடனிகழ்ச்சி என்றால் என்ன என்ற கேள்வியிலிருந்தே தொடங்கினார். ரயில் 7 மணிக்கு வருகிறது என்றால், என் கடிகாரத்தின் சிறுமுள் 7ஐக் காட்டுவதும் ரயில் வருவதும் உடன் நிகழ்கின்றன என்பதே பொருள் என்று அவர் எழுதினார். நேரத்தைப் பற்றிய நம் தீர்ப்புகள் எல்லாம் உடனிகழ்ச்சியைப் பற்றிய தீர்ப்புகளே என்பது அவர் வாதம். தொறுக் கொண்ட ஞான்று பட்டான் என்று செதுக்கியவரின் வழக்கமும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மந்தை போன இடத்தில் சிறுமுள் வந்திருக்கிறது. ஓசூரில் இந்தச் சிறுமுள் பெருந்தொழிலாகவே ஆனது: டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகாரத் தொழிற்சாலை அங்கேதான் எழுந்தது. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஷிப்ட் கணக்கு வந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் இன்று ‘செகண்ட் ஷிப்ட் விடுற நேரம்’ என்பதும் ஒரு ஞான்றுதான்.

ஆனால் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் கைக்கடிகாரத்தைவிடப் பஞ்சாங்கம் முக்கியம். ஒன்றல்ல, பல பஞ்சாங்கம். வாரத்துக்கு ஏழு நாள் என்பது ஒரு கணக்கு. பக்ரீத்தும் ரம்ஜானும் சந்திரக் கணக்கு. ஆண்டுக்குப் 10, 11 நாள் முன்னே நகரும். யுகாதி சந்திரனையும் சூரியனையும் சேர்த்துக் கட்டிய கணக்கு. தமிழ் வருடப்பிறப்பு சூரியக் கணக்கு. தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் நிறைந்த இந்த வட்டாரத்தில் யுகாதி பெரிய பண்டிகை. யுகாதி அன்று சைவம். மறுநாள் பழைய மைசூர்ப் பகுதியில் ‘ஹொசதொடகு’, வீட்டுக்கு வீடு கறிச்சோறு. ஆட்டு வியாபாரிக்கு யுகாதியின் மறுநாள்தான் யுகாதி.

2025இல் யுகாதி மார்ச் 30 ஞாயிற்றுக்கிழமை. ஹொசதொடகு 31. இந்தியாவில் ரம்ஜான் பெருநாளும் அதே 31. இரண்டுக்கும் முந்திய சந்தை நாள் ஒரே வெள்ளி, மார்ச் 28. கேட்டதும் காகதாளீயம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் முந்திய ஆண்டைப் பாருங்கள்: 2024இல் யுகாதி ஏப்ரல் 9, ரம்ஜான் ஏப்ரல் 11. 2026இல் யுகாதி மார்ச் 19. ரம்ஜான் அதை ஒட்டிய ஓரிரு நாளில். மூன்று ஆண்டு தொடர்ந்து காக்கை உட்காரப் பழம் விழுந்தால் காம்பைப் பார்க்க வேண்டாமா?

காம்பு அமாவாசை. யுகாதி சந்திரக் கணக்குச் சித்திரை மாதத்துப் பிரதமை. அமாவாசை கழிந்த மறுநாள். ரம்ஜான் பெருநாள் ஷவ்வால் மாதத்து முதல்பிறை கண்டு வருவது. அதுவும் அமாவாசை கழிந்த கையோடு. இரண்டு மாதமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திவிட்டால் இரண்டு பண்டிகையும் பக்கத்துப் பக்கத்தில் விழுந்தே தீரும். எவ்வளவு காலம் பொருந்தியிருக்கும்? இந்துச் சந்திர மாதக் கணக்கில் சுமார் 32, 33 மாதத்துக்கு ஒருமுறை அதிகமாதம் ஒன்று நுழையும். ஹிஜ்ரிக் கணக்கில் அப்படி எதுவும் இல்லை. அதிகமாதம் வந்ததும் இரண்டும் ஒரு மாதம் விலகிவிடும். 2023இல் ஒரு அதிகமாதம், 2026இல் யுகாதிக்குப் பிறகு இன்னொன்று. நடுவில் மூன்று யுகாதிதான் ரம்ஜானோடு ஒட்டின. மாதங்கள் முழுச்சுற்றுச் சுற்றித் திரும்பப் பொருந்த 32, 33 ஆண்டு ஆகும். இதற்கு முன் இப்படி ஒட்டியது 1990களின் தொடக்கத்தில்.

இதைக் காகதாளீயம் என்பதா, உடனிகழ்ச்சி என்பதா? ரம்ஜான் யுகாதியை வரவழைக்கவில்லை, யுகாதி ரம்ஜானை வரவழைக்கவில்லை. ஒன்றுக்கொன்று காரணமில்லை, ஆனாலும் தற்செயலும் இல்லை. இரண்டும் ஒரே நிலாவின் பிள்ளைகள். பழைய மூன்று உதாரணங்களில் இதற்கு இடம் கிடையாது. மழை பெய்ய நெல் விளைந்ததற்கும் ஞாயிறு பட வந்ததற்கும் நடுவில் நான்காவதாக ஒரு வகை வேண்டும்: பொதுக் காரணத்தால் வந்த உடனிகழ்ச்சி. அதற்குத் தனி விகுதி தமிழில் இல்லை. ‘பிறை தெரிய ரெண்டு பண்டிகையும் வந்துருச்சு’ என்று அதே செயவென் எச்சம்தான் அதையும் சுமக்கிறது.

பொதுக் காரணம் கண்ணில் படாதபோது மனிதர்கள் பொருளைத் தேடுவார்கள். 1952இல் யுங் என்ற உளவியலாளர், காரணத்தொடர்பு இல்லாமலே அர்த்தத்தால் இணைந்த உடனிகழ்ச்சிகளுக்கு ‘சிங்க்ரோனிசிட்டி’ என்று பெயரிட்டு ஒரு நூலே வெளியிட்டார். உலகம் முழுக்க அது புதுச்சொல்லாகப் பேசப்பட்டது. தமிழில் இந்தக் கருத்துக்குப் பழைய பெயர் விரிச்சி. நிமித்தம், சகுனம் எல்லாம் பொதுப்பெயர்கள், விரிச்சி குறிப்பானது. நமக்காக அல்லாமல் வேறு எதற்கோ ஒருவர் சொன்ன சொல் நம் காதில் விழுந்து, நாம் நினைத்துக்கொண்டிருக்கும் காரியத்துக்குப் பதிலாகிவிடுவது. தொல்காப்பியம் இதை வெட்சித்திணையில் வைத்திருக்கிறது: ஆநிரை கவரப் போகிறவர்கள் ஊர்ப்பக்கத்தில் நின்று விரிச்சி கேட்பார்கள். அந்த நடுகல் வீரர்களும் மந்தைக்குப் போகுமுன் யாருடைய பேச்சையாவது காத்துக் கேட்டிருக்கக்கூடும்.

விரிச்சியின் மிகச் சிறந்த காட்சி நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் வருகிறது. பத்துப்பாட்டில் மிகச் சிறியது, 103 அடி. போருக்குப் போன அரசன் திரும்பவில்லை. மழைக்கால மாலை. முதிய பெண்கள் ஊர்ப்பக்கம் போய், நெல்லும் மலரும் தூவி, கைதொழுது, காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அங்கே ஓர் ஆயர்மகள் கட்டிக்கிடக்கும் இளங்கன்றுகளிடம், உங்கள் தாய்மார் இப்போதே வந்துவிடுவார்கள் என்று ஆறுதல் சொல்கிறாள். அதுதான் விரிச்சி. முதுபெண்கள் அந்தச் சொல்லை அரசிக்குக் கொண்டு வருகிறார்கள்: உன் தலைவன் வருவான், கலங்காதே.

இதையும் நான்காம் வகையில் வைத்துப் பார்க்கலாம். மாலை வர, மேய்ச்சலுக்குப் போன பசு திரும்பும், கன்று கத்தும். கார்காலம் வர, பாசறையிலிருந்து தலைவன் திரும்ப வேண்டும், மனைவி வாடுவாள். முல்லைத் திணைக்கு இலக்கணம் வகுத்த கார்ப்பருவமும் மாலைப்பொழுதுமே கன்றையும் அரசியையும் ஒரே வேளையில் ஏங்க வைத்தன. ஆயர்மகளின் வாயில் அந்தச் சொல் வந்தது அவள் எதேச்சையாகப் பேசியதால் இல்லை. அந்த மாலையில் அந்த மந்தையடியில் வேறு எந்தச் சொல் வரும்? கேட்கப் போன முதுபெண்களுக்கும் இது தெரிந்தே இருக்க வேண்டும். வேறு வேளையில், வேறு இடத்தில் அவர்கள் விரிச்சிக்கு நிற்கவில்லை.

பாட்டின் முடிவில் அரசன் வந்துவிடுகிறான். கன்றோடு பேசிய பெண்ணுக்கு, தன் பேச்சு அரண்மனை வரை போன சேதி எட்டியதாகப் பாட்டு எங்கும் சொல்லவில்லை.